நோராவுக்கு ஒரு பூசை

1

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் மகள் ஜெனி போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு சாம்பல் நிறக் கப்பலை இரண்டு சின்ன இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. நங்கூரத் துவாரத்தின் கீழ் துருக்கறை நீளமாக வழிந்திருந்தது. கரையில் நின்ற ஆட்கள் சிலர் தொப்பியைக் கழற்றிப் பிடித்திருந்தார்கள்.

"நோரா முடிஞ்சுது அப்பா," என்றாள். புட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு கப்பலுக்காகச் சாப்பிடாமல் போனதை நானும் மனைவி மேரியும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நடந்தவற்றை ஊரில் உள்ளவர்களுக்கு எழுதினாலாவது எனக்கு ஒரு தெளிவு வருமோ என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் சமைக்கிறேன், கூட்டித் துடைக்கிறேன், உடுப்பு மினுக்குகிறேன். மேரி இரண்டு வீடுகளிலும் ஒரு விடுதியிலும் துப்புரவு செய்கிறாள். ஜெனி இங்கே பிறந்தவள்.

நோரா என்பது அயர்லாந்துக் கடற்படை இப்போது சேவையில் இருந்து விலக்கிய ரோந்துக் கப்பல். அந்த நாட்டில் கப்பல்களுக்குப் பெண்களின் பெயரும் வைப்பார்களாம். அதன் சேவைக் காலம் முழுவதையும் ஜெனி தேடித்தேடி இத்தாலியத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். எந்தக் கப்பல் கட்டும் தளத்தில் செய்தார்கள், எத்தனை தளபதிகள் மாறினார்கள், எந்தப் புயலில் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது, எல்லாம் அதில் உண்டு. கனகாலம் அது செய்த வேலை மீன் களவைப் பிடிப்பதுதான். வெளிநாட்டு இழுவைப் படகுகளை மறித்து, ஆட்களை ஏற்றி, வலைக்கண்ணை அளந்து பார்ப்பார்கள். கண் சிறிதாக இருந்தால் படகைத் துறைமுகத்துக்குக் கொண்டு போவார்கள். இயந்திரம் நின்ற படகுகளை இழுத்து வரும். ஒருமுறை போதைப்பொருள் ஏற்றிய பாய்க்கப்பல் ஒன்றையும் பிடித்திருக்கிறது. வயதான பிறகுதான் எங்கள் பக்கத்துக் கடலுக்கு அனுப்பினார்கள், ரப்பர் படகுகளில் வந்து தத்தளிக்கிற அகதிகளைத் தூக்குவதற்கு. குளிர்க் கடலுக்கென்று செய்த கப்பல் என்பதால் இந்த வெயிலில் மேல்தளம் தோசைக்கல் போலச் சுட்டதாம். ஆட்கள் வெறுங்காலோடு வந்தபடியால் மாலுமிகள் தங்கள் போர்வைகளை விரித்தார்களாம்.

இதெல்லாம் ஜெனி வாசித்துச் சொன்னது. நடுவில் அவளுக்குத் தமிழ் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு இத்தாலியம் முடிந்துவிடும். மிச்சத்தைக் கையால் காட்டுவாள்.

2

நோரா பலெர்மோவுக்கு வந்த நாளில் ஜெனிக்கு நாலு வயது. அதற்கு முதல் நாள் கோவிலில் பூசை முடிவில் பங்குச் சுவாமி, கப்பலில் ஆட்கள் வருகிறார்கள், உடுப்பும் செருப்பும் வேண்டும், தூக்கி இறக்கவும் ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேரிக்கு அன்று வேலை. ஆகவே பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி செருப்போடு துறைமுகத்துக்குப் போனேன்.

கப்பலைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. அதே சாம்பல் நிறம். முன்னால் படங்குத் துணி போர்த்த பீரங்கி.

ஊரில், சண்டைக் காலத்தில், எங்கள் தீவுக் கடலில் அந்த நிறக் கடற்படைக் கப்பல் தூரத்தில் தெரிந்தால் வலையை வெட்டிவிட்டுக் கரைக்கு ஓடுவோம். என் மூத்த அண்ணர் சவிரிமுத்து ஒரு தை மாதக் காலையில் தொழிலுக்குப் போனவர். தூரத்தில் வேறு வள்ளத்தில் நின்றவர்கள், சாம்பல் கப்பல் ஒன்று அவருடைய பக்கமாகப் போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அம்மா சாகும்வரைக்கும் அவருக்கு இறந்தோர் பூசை கொடுக்க விடவில்லை. வருடா வருடம் அந்த நாளில் "சவிரிமுத்து சுகமாகத் திரும்பிவர" என்றுதான் பூசைக்கு ஒப்புக்கொடுப்பார். அம்மாவுக்குப் பிறகு அதை நான் இங்கே செய்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

பலெர்மோத் துறைமுகத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் அப்படியே நின்றேன். ஏணிப்படியால் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், உயிரோடு. கை மடித்துவிட்ட சட்டையோடு ஒரு பெண் மாலுமி, யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கப்பலில் இருந்து ஆட்கள் இறங்குவதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் வெள்ளை மேலங்கியும் முகமூடியும் போட்ட ஒருவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக வரிசையில் விட்டுவிட்டார். என் நிறத்தையும் பிள்ளையையும் பார்த்து நானும் இறங்கி வந்தவன் என்று நினைத்திருக்கிறார். நான் அப்படியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். கையில் ஒரு பட்டி கட்டினார்கள். அதில் ஒரு இலக்கம். ஜெனிக்கும் ஒன்று. தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். அந்தப் பெண் மாலுமி ஜெனியின் கையில் ஒரு பிஸ்கட் பொதியை வைத்துவிட்டுப் போனாள்.

கோவிலில் இருந்து வந்த இத்தாலிய அம்மா ஒருவர் என்னைக் கண்டு வெளியில் இழுத்தபோது பொலிஸ்காரர் ஆவணம் கேட்டார். பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, வீட்டு அலுமாரியில் இருந்தது. பதினேழு வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறவன், அன்றுதான் வந்தவன் இல்லை என்று நிரூபிக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது.

நான் வெட்கத்தில் இதை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஜெனி மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், தான் அந்தக் கப்பலில் வந்தவள் என்று கனகாலம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுக் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. மேரி பிறப்புச் சான்றிதழைக் காட்டி, நீ இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்று விளங்கப்படுத்தினாள். ஜெனி ஓம் என்றாள். ஆனாலும் நோராவை அவள் விடவில்லை.

3

இப்போது ஜெனி நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடம். அடுத்த பள்ளிக்கூடத்தைத் தை மாதத்துக்குள் தெரிவு செய்து இணையத்தில் பதிய வேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதித்துத்தான் பதியலாம். அவளுக்கு நவுத்திக்கோ வேண்டும். அது கப்பலோட்டம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். அதை முடித்துக் கரையோரக் காவற்படையில் சேர வேண்டுமாம்.

மேரி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். கணக்கியல் படிக்கட்டும், மொழி படிக்கட்டும், கடல் மட்டும் வேண்டாம். "எங்கடை வீட்டிலை கடல் எடுத்தது போதும்," என்றாள். மேரியும் எங்கள் தீவுதான். அண்ணரை அவளுக்கும் தெரியும். நான் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்பது எங்கள் வீட்டில் இல்லை என்பதற்குச் சமம் என்று ஜெனிக்குத் தெரியும்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. இணையத்தில் நுழைய ஸ்பிட் என்று ஒரு அடையாளம் வேண்டும். என்னுடைய ஸ்பிட்டை எடுத்துத் தந்ததே ஜெனிதான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்கான விண்ணப்பம், மருத்துவ அட்டை, வாடகைப் பத்திரம், எல்லாவற்றையும் ஒன்பது வயதிலிருந்து அவள்தான் எங்களுக்காக நிரப்புகிறாள். என் இரகசிய எண் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். நினைத்தால் இரண்டு நிமிடத்தில் தன்னை நவுத்திக்கோவில் பதிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. பதிவுப் பக்கத்தைத் திறந்து போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். மறுநாளும் வைப்பாள்.

அதற்குள் மேரிக்கு வேறொரு பிடியும் கிடைத்தது. சேவையில் இருந்து விலக்கிய பழைய ரோந்துக் கப்பல்கள் சில கைமாறிக் கைமாறிப் போய், சண்டை நடக்கிற நாடுகளில் மறுபடியும் பீரங்கி பூட்டி நிற்கும் என்று ஜெனியே வாசித்துச் சொல்லியிருந்தாள். நோராவுக்கும் அப்படி நடந்துவிடுமோ, அதைவிட உடைத்துவிட்டால் நல்லது என்று அழுதாள். "பாத்தியோ," என்றாள் மேரி. "இண்டைக்குத் தூக்கினது நாளைக்குச் சுடும். எல்லாம் ஒரே இரும்புதான்." ஜெனி, இரும்பு இல்லை, அதில் நிற்கிற ஆட்கள் என்றாள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

4

அண்ணரின் நாள் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தமிழ்ப் பூசை பின்னேரம். வாசலில் பூசைக் கருத்து எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கும். வழமைபோல எழுதிவிட்டு உள்ளே போய் இருந்தேன். ஜெனி பின்னால் வந்தாள்.

சுவாமி கருத்துகளை வாசித்தார். "சவிரிமுத்து சுகமாகத் திரும்பிவர, அன்ரன் குடும்பம்." அடுத்த வரி: "நோராவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, அன்ரன் குடும்பம்."

மேரி என்னைப் பார்த்தாள். நான் ஜெனியைப் பார்த்தேன். ஜெனி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது ஒருவரின் சிஞ்ஞோரா செத்துப்போனால் அன்றைக்கே மற்றவர்கள் அவருக்கு வேறு வீடு தேடத் தொடங்குவார்கள். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ புதுப்பிப்பது பெரிய பாடு. அதனால் துக்கமும் வேலைத் தகவலும் ஒன்றாகத்தான் வரும். ஆனால் எத்தனை வருடம் வேலை செய்தாலும் ஒருவருடைய சிஞ்ஞோராவின் பெயரை மற்றவர் கேட்பதில்லை. உன்ரை சிஞ்ஞோரா, என்ரை சிஞ்ஞோரா, அவ்வளவுதான். நோரா என்றதும் கோவில் முழுவதும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது.

வெளியில் வந்ததும் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற திரேசாக்கா என் கையைப் பிடித்தார்.

"எத்தினை வருசம் அந்த மனிசியைப் பாத்தனி தம்பி. கடைசியிலை கஷ்டப்பட்டவவோ?"

நான் "இல்லை" என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலாகப் போய்விட்டது.

"அது பெரிய புண்ணியம். நீ யோசியாதை. ஒரு டொக்டர் வீட்டிலை ஆள் தேடினம். ஒரு கிழவனும் ஒரு பூனையும்தான். கிழவன் அமைதி, பூனைதான் கொஞ்சம் குழப்படி."

பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் ஆய ஆள் எடுக்கிறார்கள் என்றார். இன்னொருவர் ஏற்கனவே யாருடனோ போனில் பேசத் தொடங்கியிருந்தார். என்னால் ஒருவரையும் நிறுத்த முடியவில்லை. சிஞ்ஞோரா இருக்கிறா, செத்தது ஒரு கப்பல் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? மேரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருவர் அவளுக்குக் கண் துடைக்க லேஞ்சி கொடுத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் தரிப்பில் ஜெனியைக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. செத்தவர்களுக்கும் அந்தக் கொப்பியில் எழுதலாம்தானே என்றாள். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, சவிரிமுத்து எண்டவர் எப்ப வாறார்? நான் சின்னனிலை இருந்து கேக்கிறன், ஒவ்வொரு வருசமும் வரச் சொல்லி எழுதுறீங்கள். அவருக்கு பெர்மெஸ்ஸோ கிடைக்கேல்லையோ?"

மேரி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பஸ் வந்தது. நான் முதல் ஆளாய் ஏறினேன்.

5

திங்கட்கிழமை காலை சிஞ்ஞோராவே கதவைத் திறந்தார். கீழ்மாடியில் வேலை செய்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி விடியவே வாசற்காவலரிடம் துக்கம் சொல்லியிருக்கிறாள். காவலர் மேலே வந்து மணி அடித்திருக்கிறார். திறந்தது செத்தவர்.

"அன்ரோனியோ, நான் செத்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். கோபமாகத்தான் நின்றார். ஆனால் தான் செத்ததாகச் சொன்னாலும் ஒழுங்கான பெயரையாவது சொல்லியிருக்கலாம், யார் அந்த நோரா, என்று கேட்டபோது கோபம் குறைந்திருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். கப்பலைச் சொன்னால் மகளைச் சொல்ல வேண்டியிருந்தது. மகளைச் சொன்னால் பள்ளிக்கூடத்தை. பள்ளிக்கூடத்தைச் சொன்னால் ஏன் விடவில்லை என்ற கேள்வி வந்தது. ஆகவே அண்ணரையும் சொன்னேன். அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை.

"உன் அண்ணன் எத்தனை வயதில் இறந்தான்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"இருபத்தெட்டு," என்றேன்.

சொல்லிவிட்டு மினுக்குப் பெட்டியைச் சுட வைத்தேன். அவருடைய தலையணை உறைகளை மினுக்கினேன். நாலாவது உறையில்தான் எனக்கு உறைத்தது. இறந்தார் என்று நான் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே ஒரு வயதான பெண் சாதாரணமாகக் கேட்க, வயதை மட்டும் சொல்லி ஒத்துக்கொண்டுவிட்டேன். அம்மாவுக்குத் துரோகம் செய்தேனா, அல்லது ஒரு பாரத்தை இறக்கினேனா என்று தெரியவில்லை. உறையை இரண்டு தரம் மினுக்கியிருந்தேன்.

6

பதிவு முடிய மூன்று நாட்கள் இருந்தன. பின்னேரம் ஜெனி வழமைபோலப் போனைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை நான் அவளை இருக்கச் சொன்னேன். மேரியும் வந்து இருந்தாள். சவிரிமுத்து உன் பெரியப்பா என்று தொடங்கி, தெரிந்த அவ்வளவையும் சொன்னேன். தெரிந்தது கொஞ்சம்தான்.

ஜெனி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நோரா மாதிரிக் கப்பலோ?" என்று கேட்டாள்.

"நிறம் அதுதான்."

"அதுக்குப் பிறகு பெரியப்பாவைத் தேடி ஆர் போனவை?"

"ஒருத்தரும் போகேல்லை. கடலுக்குப் போகத் தடை. போனால் போனவனும் வரமாட்டான்."

"ஒரு நாள்கூடத் தேடேல்லையோ?"

மேரிதான் இல்லை என்றாள்.

ஜெனி எழும்பிப் போய்த் தன் கொப்பியை எடுத்துவந்தாள். ஒரு பக்கத்தை விரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினாள். அயர்லாந்துக் கரையில், நோராவின் இளமைக் காலத்தில், தனியாக நண்டுக்கூடு போடப் போன ஒரு மீனவர் திரும்பவில்லை. நோரா அவரைத் தேடியது. காற்று, அலை, எந்த நேரம் எந்தத் திசை, எல்லாம் எழுதியிருந்தது. பதினொரு நாள். கடைசியில் வள்ளத்தின் ஒரு பலகைதான் கிடைத்தது. அதை அவருடைய வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"ஒரு ஆளுக்குப் பதினொரு நாள், அப்பா," என்றாள். "நான் அந்த வேலைக்குத்தான் கேக்கிறன்."

அதே நிறக் கப்பல், அதே பீரங்கி, ஒன்று எங்கள் அண்ணரின் பக்கமாகப் போனது, ஒன்று முன்பின் தெரியாத நண்டுக்காரனுக்காகப் பதினொரு நாள் சுற்றியது. இரண்டையும் ஒரு தலைக்குள் எப்படி வைத்திருப்பது? என் மகள் எந்தக் கப்பலில் நிற்பாள் என்று எனக்கு யார் எழுதித் தருவார்கள்?

போனை எடுத்தேன். நானே அமத்துகிறேன், நீ சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித்தேடி அமத்தினேன். ஊர்ப் பெயரில் இரண்டு தரம் பிழை விட்டேன். அவள் கையை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு கட்டம் வந்தது.

"மற்றப் பெற்றாரும் சம்மதமோ எண்டு கேக்கிது," என்றாள் ஜெனி.

மேரி என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். "சம்மதம் எண்டு போடுங்கோ," என்றாள். "சந்தோசம் எண்டு போட வேண்டாம்."

சந்தோசத்துக்கு அங்கே கட்டம் இல்லை. நான் அனுப்பினேன்.

கிழமை முடிவில் நவுத்திக்கோவில் இருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. என்னென்ன கொண்டுவர வேண்டும், எந்த நிறச் சீருடை என்றெல்லாம் ஜெனி வாசித்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் குரல் சின்னதாகியது. பின்னாளில் கப்பலில் வேலை செய்யத் தேவையான பதிவுப் புத்தகம் எடுக்க நீச்சலிலும் துடுப்பு வலிப்பதிலும் பரீட்சை வைப்பார்களாம். எங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனாலும் முழங்காலுக்கு மேல் நாங்கள் விட்டதில்லை.

"கடலிலை ஆக்களைத் தூக்கப் போறாவாம்," என்றாள் மேரி. "முதல் இவவை ஆர் தூக்கிறது?"

நான், பணம் கட்டிப் பழக்குகிற நீச்சல் தடாகங்கள் இருக்கும், விசாரிக்கிறேன் என்றேன்.

"தடாகத்திலை என்ன அலையோ, நீரோட்டமோ? அது குளிக்கிற இடம். வைகாசியிலை தண்ணி சூடாகும். நான் பழக்கிறன்."

ஜெனி வாயைத் திறந்தபடி தாயைப் பார்த்தாள். "அம்மாவுக்கு நீந்தத் தெரியுமோ?"

"கொப்பரைக் கேள்," என்று மேரி என்னைக் காட்டினாள்.

ஓம், தெரியும். ஊரில் இறங்குதுறையில் இருந்து மிதவை வரைக்கும் போட்டி வைத்தால் அவள் எங்களை எல்லாம் விட்டுவிட்டு முன்னால் போய் நிற்பாள். ஆனால் அண்ணரின் தை மாதத்துக்குப் பிறகு அவளை நான் தண்ணீரில் கண்டதில்லை. இதை நான் ஜெனிக்குச் சொல்லத் தொடங்கும்போது மேரி எழும்பிப் போய், சுவரில் தொங்கிய கலண்டரில் வைகாசியைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.